பத்து வயதில் ஒரே விளையாட்டா, பல விளையாட்டுகளா?

முழுப் பரீட்சை முடிந்து சம்மர் கேம்ப் விளம்பரங்கள் வரத் தொடங்கியதும் பெற்றோர் இந்தக் கேள்வியோடு வருவார்கள். "சார், பையனுக்குப் பத்து வயசு. கிரிக்கெட் நல்லா ஆடுறான். மத்ததெல்லாம் விட்டுட்டு இதுல மட்டும் இறங்கினாத்தான் மேல வரலாம்னு அகாடமி கோச் சொல்றாரு. இப்பவே விட்டுடலாமா, இல்ல இன்னும் கொஞ்ச காலம் எல்லாத்தையும் ஆடட்டுமா?" கிரிக்கெட் இருக்கும் இடத்தில் சில வீடுகளில் பேட்மின்டன் இருக்கும், சில வீடுகளில் நீச்சல் இருக்கும். இப்போது தாமதித்தால் கூடப் படிக்கிற பிள்ளைகள் முந்திவிடுவார்கள் என்ற பயம் மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

உடற்கல்வி ஆசிரியனாக என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான விளையாட்டுகளில், பதின்மூன்று பதினான்கு வயதுவரை இரண்டு மூன்று விளையாட்டுகளை ஆடும் பிள்ளைக்கே நீண்ட நாள் ஓட்டத்தில் வாய்ப்பு அதிகம், அடிபடும் அபாயம் குறைவு. விதிவிலக்கான விளையாட்டுகள் சில உண்டு. அவற்றில் சீக்கிரம் இறங்குவதற்கு நியாயமான காரணமும் உண்டு. உங்கள் பிள்ளை ஆடுவது எந்த வகை என்று தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது பாதி சுலபம்.

ஒரே விளையாட்டு என்று நான் சொல்வது எதை என்பதையும் தெளிவுபடுத்திவிட வேண்டும். வாரம் மூன்று நாள் பேட்மின்டன் வகுப்புக்குப் போய்க்கொண்டே பள்ளியில் கோ-கோவும் ஆடுகிற பெண் ஒரே விளையாட்டுக்காரி ஆகமாட்டாள். ஆண்டில் எட்டு மாதத்துக்கு மேல் ஒரே விளையாட்டில் பயிற்சி, அதற்காக மற்ற எல்லா விளையாட்டையும் கைவிடுதல் இரண்டும் சேர்ந்தால்தான் ஆய்வாளர்கள் அதை முழுமையான ஒற்றை விளையாட்டுப் பயிற்சி என்கிறார்கள். நம் ஊர் அகாடமிகளில் சேரும் பிள்ளைகள் பலர் இந்த நிலைக்கு ஒரே வருடத்தில் வந்துவிடுகிறார்கள். பள்ளி விளையாட்டு விழாவில் நானூறு மீட்டர் ஓடக் கூப்பிட்டால், "கோச் திட்டுவாரு சார்" என்று தயங்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை எல்லா உடற்கல்வி ஆசிரியர்களும் பார்த்திருப்பார்கள்.

சீக்கிரம் இறங்கியவர்களின் பக்கம்

ஒரே விளையாட்டில் சிறு வயதிலேயே இறங்க வேண்டும் என்பவர்களிடம் வலுவான உதாரணங்கள் இருக்கின்றன. அச்சந்தா சரத் கமல் நான்கு வயதில் டேபிள் டென்னிஸ் மட்டையைப் பிடித்தவர். அவருக்கு வீட்டிலேயே பயிற்சியாளர்கள் இருந்தார்கள். குகேஷ் ஏழு வயதில் சதுரங்கம் கற்று, நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளியை விட்டு, 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். பி.வி. சிந்துவின் பெற்றோர் இருவரும் வாலிபால் வீரர்கள். ஆனாலும் அவர் எட்டு வயதில் பேட்மின்டனுக்கு வந்து அதிலேயே நின்றார். இவர்களைப் பார்க்கும் பெற்றோருக்கு மனம் எந்தப் பக்கம் சாயும் என்பது புரிகிறது.

இதோடு அந்தப் பத்தாயிரம் மணி நேரக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. அந்த எண் விளையாட்டு மைதானத்திலிருந்து வந்ததே அல்ல. ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் அவரது சகாக்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், பெர்லினில் இசை பயின்ற வயலின் மாணவர்களிலேயே சிறந்தவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரம் தனியே பயிற்சி செய்திருந்ததாகக் கண்டார்கள். அது ஒரு குழுவின் சராசரி. அதைத் தொட்டால் சாம்பியன் என்று அவர்கள் சொல்லவில்லை. பின்னர் 2016-இல் புரூக் மக்னமாரா குழுவினர் விளையாட்டு ஆய்வுகளை மட்டும் தொகுத்துப் பார்த்தார்கள். வீரர்களிடையே திறமையில் காணும் வேறுபாட்டில் சுமார் 18 சதவீதத்துக்குத்தான் பயிற்சி நேரம் காரணமாகத் தெரிந்தது. மேல்மட்ட வீரர்களை மட்டும் எடுத்தால் அதுவும் 1 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. பயிற்சி வேண்டாம் என்பது இதன் பொருள் இல்லை. அந்த மட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோருமே கடுமையாகப் பயிற்சி செய்தவர்கள். ஆகவே அவர்களில் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக்காட்டுவது வேறு ஏதோ ஒன்று.

சதுரங்கத்தில் சீக்கிரம் இறங்குவதற்கு நான் தடை சொல்லமாட்டேன். அங்கே தேயும் மூட்டு இல்லை. பலகையில் காய்கள் நிற்கும் அமைப்புகளை அடையாளம் காணும் பழக்கம் சிறுவயதில் ஆழமாகப் பதியும். ஜிம்னாஸ்டிக்ஸும் ஐஸ் ஸ்கேட்டிங்கும் வேறொரு காரணத்தால் விதிவிலக்கு. சிறிய, இலகுவான உடல் காற்றில் சுழல்வது எளிது. அதனால் பருவமடைவதற்கு முன்பே கடினமான வித்தைகளைக் கற்றுக்கொண்டவர்களே நெடுங்காலம் மேலே இருந்தார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை திபா கர்மாகர் ஆறு வயதில் தொடங்கியவர். அந்த உலகிலும் மாற்றம் வந்துகொண்டிருக்கிறது. சர்வதேச ஸ்கேட்டிங் கூட்டமைப்பு, பெரியவர்கள் பிரிவில் ஆடக் குறைந்தபட்ச வயதை 15-இலிருந்து படிப்படியாக 17-ஆக உயர்த்த 2022-இல் முடிவு செய்தது. சிறுமிகளின் உடலும் மனமும் தாங்கும் அளவு பற்றிய கவலையே அதற்குப் பின்னால் இருந்தது.

நம் மாநிலத்துக்கே உரிய ஒரு காரணத்தையும் ஒதுக்கிவிட முடியாது. சான்றிதழ். கல்லூரிச் சேர்க்கையிலும் அரசு வேலையிலும் விளையாட்டு இட ஒதுக்கீடு இருக்கிறது. விளையாட்டு விடுதித் தேர்வுகள் பள்ளி வயதிலேயே நடக்கின்றன. மாவட்டம், மாநிலம் என்று ஏறிப் பெறும் சான்றிதழ் ஒரு எளிய குடும்பத்தின் நிலையையே மாற்றிவிடக்கூடியது. அதற்காக ஒரே விளையாட்டைப் பிடிக்கும் பெற்றோரை நான் ஒருபோதும் குறை சொன்னதில்லை. இவ்வளவும் சீக்கிரம் இறங்குவோரின் நியாயம்.

பதின்மூன்று வயதுக் கோப்பையும் இருபத்தைந்து வயதுப் பதக்கமும்

இந்த விவாதத்தில் என் மனத்தை உறுதிப்படுத்திய ஆய்வு 2021-இல் வந்தது. ஆர்னே குல்லிக், மக்னமாரா, ஹாம்ப்ரிக் மூவரும் 51 ஆய்வறிக்கைகளைத் தொகுத்தார்கள். மொத்தம் 6,096 வீரர்கள். அவர்களில் 772 பேர் உலகத் தரத்தின் உச்சியில் இருந்தவர்கள். பெரியவர்களாகி உலக அளவில் சாதித்தவர்களை, தேசிய அளவோடு நின்றுவிட்டவர்களோடு ஒப்பிட்டார்கள். உலக அளவுக்குப் போனவர்கள் சிறுவயதில் வேறு விளையாட்டுகளை அதிகம் ஆடியிருந்தார்கள். தங்கள் முதன்மை விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கியிருந்தார்கள். அதில் அவர்கள் செய்திருந்த பயிற்சியும் ஆரம்பத்தில் குறைவு. முன்னேற்றமும் மெதுவாகவே இருந்தது.

ஜூனியர் பிரிவில் வென்றவர்களைப் பார்த்தபோது எல்லாம் தலைகீழ். அங்கே முன்னால் நின்றவர்கள் சீக்கிரம் தொடங்கி, ஒரே விளையாட்டில் அதிகம் பயிற்சி செய்து, வேகமாக ஏறியவர்கள்.

இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் படித்தால்தான் பெற்றோரின் குழப்பம் விலகும். அகாடமி கோச் பொய் சொல்லவில்லை. பதினான்கு வயதுக்குட்பட்டோர் கோப்பையை வெல்ல வேண்டும் என்றால் அவர் சொல்வது சரியான வழி. அகாடமியின் வாசலில் மாட்டும் ஃபிளெக்ஸில் வருவதும் அந்த வெற்றிகள்தான். ஆனால் அதே வழி பிள்ளையை இருபத்தைந்து வயதில் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே விடை என்று நினைத்துக்கொண்டு பல குடும்பங்கள் பணத்தையும் பிள்ளையின் காலை நேரத்தையும் கொட்டுகின்றன.

இந்தத் தொகுப்பாய்வு தொடர்பைத்தான் காட்டுகிறது. பல விளையாட்டு ஆடியதால்தான் உலக சாம்பியன் ஆனார்கள் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் மைதானத்தில் நின்று பார்க்கும்போது அது ஏன் நிகழ்கிறது என்பதற்கு மூன்று காரணங்கள் எனக்குக் கண்ணுக்குத் தெரிகின்றன.

முதலாவது, முளைக்கும் வேகம். பதின்மூன்று வயது வாலிபால் செலக்‌ஷனுக்குப் போய்ப் பாருங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், தோள் விரிந்திருக்கும். பக்கத்தில் நிற்பவன் அதே ஆண்டு பிறந்தவன், இன்னும் குழந்தை முகம், அவன் தோளுக்குத்தான் வருவான். பந்து வேகமாக அடிப்பவன் அணிக்குள் போகிறான். பதினேழு வயதில் இருவரும் சமமாக வளர்ந்தபின், அதுவரை உடல்பலத்தை நம்பியே ஆடியவன் திணறுவதும் வெளியே நின்றவன் முந்துவதும் நடக்கின்றன. ஆனால் வெளியே நின்றவன் அதுவரை ஏதாவது ஒரு மைதானத்தில் இருந்திருக்க வேண்டுமே! பல விளையாட்டு அவனைக் களத்திலேயே வைத்திருக்கிறது. வயதுப் பிரிவுகளில் பிறந்த தேதி எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதற்கு, பிசிசிஐ 16 வயதுக்குட்பட்ட வீரர்களின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்ப்பதே சாட்சி.

இரண்டாவது, பொருத்தம். ஒரு பிள்ளையின் உடலுக்கும் சுபாவத்துக்கும் எந்த விளையாட்டு ஒத்துவரும் என்று எட்டு வயதில் யாராலும் சொல்ல முடியாது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவர். அவரை உயரம் தாண்டச் சொன்னது உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். பள்ளியில் ஒரு ஆசிரியர் கவனித்துப் பார்க்கும்படி பிள்ளை மைதானத்தில் இருந்ததும், வேறொன்றை முயன்று பார்க்க இடம் இருந்ததும்தான் அந்தக் கதையின் தொடக்கம். தோனி பள்ளியில் கால்பந்து கோல்கீப்பர். அவரை விக்கெட் கீப்பிங்குக்கு அனுப்பியதும் ஒரு பள்ளிப் பயிற்சியாளரே. நீரஜ் சோப்ரா உடல் எடையைக் குறைப்பதற்காக மைதானத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளை. பானிபட்டில் ஈட்டி எறிபவர்களைப் பார்த்த பிறகுதான் ஈட்டியைத் தொட்டார். இங்கிலாந்தின் ஹெலன் குளோவர் 2008-இல்தான் படகு வலிக்கவே கற்றுக்கொண்டார், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். அதற்கு முன் அவர் ஹாக்கியும் ஓட்டமும் ஆடியவர்.

மூன்றாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. கோ-கோ ஆடும் பிள்ளைகளை உன்னித்துப் பாருங்கள். துரத்துபவர் ஒரு பக்கம் திரும்பிவிட்டால் அந்தப் பக்கமே ஓட வேண்டும். நடுவில் உட்கார்ந்திருப்பவர்களைக் கடந்து மறுபக்கம் போகக் கூடாது. திசையை மாற்ற வேண்டுமானால் கம்பத்தைச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் 'கோ' கொடுக்க வேண்டும். அதனால் ஓடுபவர் பார்ப்பது துரத்துபவரின் காலை அல்ல, தோளை. தோள் சாயும் அந்தக் கணத்திலேயே எதிர்ப்பக்கம் நழுவிவிடுவார். இந்தப் பார்வை பழகிய பெண் பேட்மின்டன் கோர்ட்டுக்குள் போனால், எதிராளி ஸ்மாஷ் அடிக்கப்போகிறாரா டிராப் போடப்போகிறாரா என்பதைத் தோளிலேயே படிக்கிறாள். கம்பத்தைச் சுற்றும்போது தாழக் குனிந்து, வேகத்தைக் குறைத்து, ஒற்றைக் காலில் எடையை மாற்றிக் கிளம்பும் அசைவு ஹாக்கியிலும் கூடைப்பந்திலும் அப்படியே பயன்படும். ஒரே விளையாட்டுக்காரருக்கு இதைத் தனிப் பயிற்சியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. கோன்களை வரிசையாக வைத்து, விசில் ஊதி, சலிக்கச் சலிக்க.

ஜெமிமா ரோட்ரிக்ஸ் மகாராஷ்டிரத்தின் 17 வயதுக்குட்பட்ட ஹாக்கி அணியில் ஆடியவர். 2025 மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 127 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்ற அந்த இன்னிங்ஸில், ஃபீல்டர்களுக்கு இடையே பந்தைத் தள்ளிவிட்டு அவர் ஓடிய ஓட்டத்தில் ஹாக்கிக்காரியைப் பார்த்தேன் என்றே சொல்வேன். சாய்னா நேவால் கராத்தேயில் பிரவுன் பெல்ட் வரை போனவர். 400 மீட்டர் தடை ஓட்டத்தை டோக்கியோவில் 45.94 விநாடியில் முடித்து உலக சாதனை படைத்த நார்வேயின் கார்ஸ்டன் வார்ஹோம், இளைஞர் பருவத்தில் எட்டுப் போட்டிகள் சேர்ந்த ஆக்டத்லானில் உலக யூத் சாம்பியன். ஓட்டம், தாண்டல், எறிதல் எல்லாம் செய்து வந்த உடல் அது.

இதே நார்வேயில் குழந்தைகள் விளையாட்டுக்கென்று தேசிய விதிகள் இருக்கின்றன. 11 வயதுக்கு முன் புள்ளிப்பட்டியலோ தரவரிசையோ போடக் கூடாது. 13 வயது ஆகும் ஆண்டுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. சுமார் 55 லட்சம் மக்கள் மட்டுமே உள்ள அந்த நாடு 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கத்தோடு முதலிடம் பிடித்தது. பனியும் பணமும் அங்கே நிறைய உண்டு, அதனால் முழுப் பெருமையையும் விதிக்குக் கொடுக்க முடியாது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைகளைத் தரவரிசைப்படுத்தாமல் விட்டதால் அவர்கள் எதையும் இழந்துவிடவில்லை.

எலும்பு தாங்கும் அளவு

தோல்வியை ஈடுகட்டிக்கொள்ளலாம். முதுகெலும்பில் விழுந்த விரிசல் ஒரு பிள்ளையின் முழு ஆண்டையும் தின்றுவிடும். அதனால் இந்தப் பகுதியைப் பெற்றோர் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வளரும் பிள்ளையின் எலும்பு நுனிகளில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கிருந்துதான். முழு எலும்பை விட அது மென்மையானது. பெண்களுக்குப் பதினொன்று பன்னிரண்டு வயதிலும் ஆண்களுக்குப் பதின்மூன்று பதினான்கு வயதிலும் உயரம் விறுவிறுவென்று கூடும்போது, எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காது. இறுகிய தசை அந்த மென்மையான இடத்தைப் பிடித்து இழுக்கும். அந்த நேரத்தில் அதே தாவல், அதே வீச்சு, அதே ஓட்டம் வாரம் முழுக்கத் தொடர்ந்தால் வலி வந்துவிடும்.

அது வரும் இடங்கள் தெரிந்தவையே. குதிகால்: பயிற்சி முடிந்ததும் பிள்ளை நுனிக்காலில் நடப்பான். குதிகாலை இரண்டு பக்கமும் விரல்களால் அழுத்தினால் கத்துவான். முழங்காலுக்குக் கீழே: முன்பக்கம் ஒரு மேடு தட்டுப்படும், மண்டியிட்டு உட்கார முடியாது. கீழ்முதுகு: இதுதான் ஆபத்தானது. ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளைந்தால் ஒரு பக்கமாக வலிக்கிறது என்றால் அடுத்த நாள் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். வேகப்பந்து வீசும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் முதுகெலும்பில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் ஏற்படும் விரிசல், வருகிறது. ஆரம்ப நிலையில் எக்ஸ்ரேயில் தெரியாமல் எம்ஆர்ஐயில் மட்டும் தெரிவதும் உண்டு. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இளம் வேகப்பந்து வீச்சாளர்கள் எத்தனை ஓவர் வீசலாம் என்பதற்கு வயதுவாரியாக வரம்பு வைத்திருப்பது இதனால்தான். நம் பக்கத்து அகாடமியில் நெட்டில் உங்கள் மகன் ஒரு மாலையில் எத்தனை பந்து வீசுகிறான் என்று யாராவது எண்ணுகிறார்களா, கேட்டுப் பாருங்கள்.

சிகாகோவின் லயோலா பல்கலைக்கழகத்தில் நீரு ஜெயந்தி என்ற மருத்துவர் தலைமையில் 7 முதல் 18 வயது வரையிலான சுமார் 1,200 இளம் வீரர்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. எல்லாப் பெற்றோரும் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரு கணக்கு அதில் கிடைத்தது. பிள்ளையின் வயது எத்தனையோ, அதைவிட அதிக மணி நேரம் வாரத்தில் பயிற்சி செய்தவர்களுக்குக் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் கடுமையான தேய்மானக் காயங்கள் அதிகம் வந்தன. பயிற்சியாளரோடு ஆடும் நேரம், சும்மா ஆடும் நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனாலும் அபாயம் கூடியது.

இந்தக் கணக்கை உங்கள் வீட்டில் போட்டுப் பாருங்கள். செவ்வாய் முதல் வெள்ளி வரை மாலை நாலரை முதல் ஏழு மணிவரை என்றால் பத்து மணி நேரம். சனி, ஞாயிறு காலை ஆறு முதல் ஒன்பது வரை என்றால் இன்னும் ஆறு. மேட்சைச் சேர்க்காமலே 16. பத்து வயதுப் பிள்ளைக்கு இது எவ்வளவு அதிகம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரே விளையாட்டுக்கு வருவதை 15, 16 வயதுவரை தள்ளிப்போடுவது நல்லது என்கிறது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, ஆண்டில் ஒவ்வொரு மாதமாகப் பிரித்து மொத்தம் மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்து விடுப்பு என்றும் சொல்கிறது. நம் ஊரில் கோடை விடுமுறை வந்தால் நடப்பது நேர்மாறு. காலை, மாலை இரு வேளையும் கேம்ப், அதுவும் மே மாத வெயிலில்.

மனமும் களைத்துப்போகும். ஜெனிஃபர் கேப்ரியாட்டி 1990-இல் பதினான்கு வயதுகூட நிறையாமல் தொழில்முறை டென்னிஸுக்கு வந்து, 1992 ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஆட்டத்தை விட்டே விலகினார். மகளிர் டென்னிஸ் சங்கம் சிறுமிகள் ஆடும் போட்டிகளுக்கு வயதுவாரி வரம்பு கொண்டுவந்தது அந்தக் காலகட்டத்தில்தான். கேப்ரியாட்டி பின்னர் மீண்டு வந்து 2001-இல் ஆஸ்திரேலிய ஓப்பன் வென்றார் என்பதும் உண்மை. ஆஷ்லி பார்ட்டி சலிப்பு வந்ததும் வேறு வழி தேடினார். 2014-இல் டென்னிஸை நிறுத்தி, பிரிஸ்பேன் ஹீட் அணிக்காக மகளிர் பிக் பாஷ் கிரிக்கெட் ஆடினார். திரும்பி வந்து 2019 பிரெஞ்சு ஓப்பன், 2021 விம்பிள்டன், 2022 ஆஸ்திரேலிய ஓப்பன் என்று வென்றார். இன்னொரு விளையாட்டு தெரிந்திருந்ததால், டென்னிஸை விட்ட காலத்திலும் அவர் விளையாட்டு வீராங்கனையாகவே இருக்க முடிந்தது.

மூன்று விளையாட்டுக்கு மூன்று ஃபீஸா?

"நீங்க சொல்றது சரி சார், ஆனா ஒரு அகாடமிக்கே கட்ட முடியல" என்பார்கள். பல விளையாட்டு என்பதற்கு மூன்று அகாடமி என்று பொருள் கொள்ள வேண்டாம். ஒரு விளையாட்டுக்கு வாரம் மூன்று நாள் முறையான பயிற்சி இருக்கட்டும். இரண்டாவது விளையாட்டு பள்ளி அணியில் இருக்கட்டும். ஜூலை, ஆகஸ்டில் குறுவட்டப் போட்டிகள் தொடங்கும்போது கபடியோ கோ-கோவோ எறிபந்தோ, எதற்கு ஆள் எடுக்கிறார்களோ அதில் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. மூன்றாவது, யாரும் விசில் ஊதாத ஆட்டம். கிளித்தட்டு, பச்சைக்குதிரை, நொண்டி, தெருக் கிரிக்கெட். வேகப்பந்து வீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜன் இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். பேட்ஸ்மேனின் காலடியில் விழும் அந்த யார்க்கர் பந்து ஊர் மைதானத்தில் பழகியது.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு இந்த மூன்றாவது இன்னமும் ஓரளவு தானாகவே கிடைக்கிறது. அபார்ட்மென்ட் பிள்ளைகளுக்கு அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. மைதானமே இல்லாத பள்ளிகளும், தேர்வு நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடும் பள்ளிகளும் இருக்கும்போது பெற்றோரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது லேபைப் பார்ப்பது போல மைதானத்தையும் போய்ப் பாருங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

இரண்டு விளையாட்டுகளைச் சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். வேகப்பந்து, ஈட்டி எறிதல், பேட்மின்டன் மூன்றையும் ஒரே பிள்ளை செய்தால் பெயரில் மூன்று விளையாட்டு, தோளுக்கு ஒன்றே. வேகப்பந்து வீசுபவனுக்கு நீச்சலோ கால்பந்தோ பொருந்தும். பேட்மின்டன் பிள்ளைக்குத் தடகளமோ கோ-கோவோ. நீச்சல் பிள்ளைக்குத் தரையில் ஓடி எலும்பை வலுப்படுத்தும் எதுவானாலும் நல்லது. இரண்டு அகாடமியிலும் முழு நேரம் போட்டு வாரம் 20 மணி நேரம் ஆக்கினால், பல விளையாட்டின் பலன் ஒன்றும் மிஞ்சாது.

எந்த விளையாட்டுக்கு எந்த வயது

சதுரங்கம் என்றால் ஏழு எட்டு வயதில் முழுமூச்சாகத் தொடங்கலாம், கூடவே உடலுக்கு ஏதாவது ஒரு ஆட்டம் இருக்கட்டும். ஜிம்னாஸ்டிக்ஸுக்கும் டைவிங்குக்கும் ஏழு வயதுக்கு முன்பே தொடங்குவது வழக்கம். அதில் இறங்கும் பெற்றோர், காயத்தைப் புரிந்துகொள்ளும் பயிற்சியாளர் இருக்கிறாரா என்று பார்க்காமல் இறங்கக் கூடாது. டேபிள் டென்னிஸ், பேட்மின்டன், டென்னிஸ், நீச்சல் நான்கிலும் நுட்பம் சிறுவயதில் பதிய வேண்டும் என்பது உண்மை. ஏழு எட்டில் தொடங்குங்கள், ஆனால் அது மட்டுமே என்பதைப் பன்னிரண்டு பதின்மூன்றுவரை தள்ளிப்போடுங்கள். ஃபெடரர் கால்பந்தை விட்டு டென்னிஸைத் தேர்ந்தது பன்னிரண்டு வயது வாக்கில்.

கிரிக்கெட், கால்பந்து, ஹாக்கி, வாலிபால், கூடைப்பந்து, கபடிக்குப் பதினான்கு தாராளம். கிரிக்கெட்டுக்குள்ளேயும் ஒரே வேலையில் சீக்கிரம் பூட்டிவிட வேண்டாம். அஸ்வின் தொடக்க ஆட்டக்காரராகவும் மிதவேகப் பந்துவீச்சாளராகவும் இருந்தவர், பிறகுதான் ஆஃப் ஸ்பின்னுக்கு வந்தார். சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தி பள்ளி நாட்களில் விக்கெட் கீப்பர். எறிதல் போட்டிகள், படகு, துப்பாக்கி சுடுதல் போன்றவற்றுக்குப் பதினைந்துக்கு மேல் வந்தாலும் காலம் கடந்துவிடாது.

நம் ஊரில் இந்த வயதுக் கணக்கோடு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்து மோதும். பல விளையாட்டை விட்டு ஒன்றுக்கு மாற வேண்டிய அதே சமயத்தில் விளையாட்டையே நிறுத்திவிடும் வீடுகள் அதிகம், முக்கியமாகப் பெண் பிள்ளைகள் உள்ள வீடுகள். அதனால் எட்டாம் வகுப்பு முடியும்போதே பிள்ளையோடு உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. எது பிடிக்கிறது, பத்தாம் வகுப்பில் வாரம் எத்தனை மணி நேரம் ஒதுக்கலாம் என்று. குறைத்துக்கொண்டு தொடர்வது, நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவதைவிட எளிது.

ஒரே விளையாட்டின் மீதே பித்தாக இருக்கும் பிள்ளைகளும் உண்டு. காலையில் எழுந்ததும் மட்டையைத் தேடும் ஒன்பது வயதுக்காரியிடம் போய் 'நீ கபடியும் ஆடித்தான் ஆக வேண்டும்' என்று கட்டாயப்படுத்த வேண்டாம். அவள் ஆடட்டும். மணி நேரக் கணக்கையும் ஓய்வு மாதங்களையும் மட்டும் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். ஒற்றை விளையாட்டு என்ற முடிவு அவள் வாயிலிருந்து வந்திருக்கிறதா, கோச் வாயிலிருந்தா, உங்கள் வாயிலிருந்தா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும்.

அகாடமியில் பணம் கட்டுவதற்கு முன் பயிற்சியாளரிடம் ஒன்று கேளுங்கள்: "அடுத்த மாசம் ஸ்கூல் கோ-கோ மேட்ச் இருக்கு சார், ரெண்டு வாரம் வர மாட்டா. பரவாயில்லையா?" நல்ல பயிற்சியாளர்களுக்கு இதில் சிரமம் இருக்காது. எந்தப் பக்கம் ஓடுகிறாள் என்றுகூட ஆர்வமாகக் கேட்பார்கள். "அப்படின்னா டீம்ல இடம் இருக்காது" என்று பதில் வந்தால், ஃபீஸைக் கட்டாமல் வேறு அகாடமியை விசாரியுங்கள்.